பாய்மரப் படகு, முக்குளிப்பு, தீவு: சிறுவர்களுடன் ஒரே நாளில் எந்த வரிசையில்?

கேள்வி:
10 முதல் 14 வயது வரையிலான ஆறு பிள்ளைகளுடன் பெரியவர்கள் இருவர் பாய்மரப் படகில் அருகிலுள்ள தீவொன்றுக்குச் சென்று, ஸ்கூபா கருவியுடன் முக்குளித்து, தீவையும் சுற்றிப் பார்த்துவிட்டு மாலைக்குள் கரை திரும்ப எண்ணியுள்ளோம். பிள்ளைகள் அனைவரும் முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவர்கள். தீவில் இறங்கி இளைப்பாறிய பின் முக்குளிப்பதா, போய்ச் சேர்ந்ததுமே முக்குளிப்பதா?

மறுமொழி 1:
போய்ச் சேர்ந்ததும் முக்குளித்துவிடுங்கள். நிலம் சூடேற ஏறக் கடற்காற்று வலுத்துப் பிற்பகலில் அலை எழும்பிவிடும் என்பதோடு, வெயிலில் நடந்து நீர்ச்சத்து குறைந்த உடலோடு ஆழத்துக்குப் போவதும் நல்லதன்று. 'பாடி' பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி 10, 11 வயதினருக்கு எல்லை 12 மீட்டர்.

நான் அதிகம் அஞ்சுவது காதைப் பற்றித்தான். பத்தே மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகிவிடுகிறது. அதிலும் முதல் சில மீட்டர்களில்தான் செவிப்பறை மிகுதியாகத் திணறும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியும் அடைப்பு விலகாவிட்டால், சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும். அப்போதும் விலகாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மற்றவர்கள் முன்னால் வெட்கப்பட்டு வலியை மறைக்கும் பிள்ளை எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும். ஆகவே, விரித்த கையை இருபுறமும் ஆட்டிக் காதைச் சுட்டும் சைகையைப் படகிலேயே எல்லோரையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
வரிசை சரிதான், ஆள்கணக்குதான் இடிக்கிறது. கீழே ஆள் இருக்கும்போது, கீழே ஆள் இருப்பதை மற்றப் படகுகளுக்குக் காட்டும் நீலமும் வெள்ளையுமான 'ஏ' கொடியை ஏற்றிவிட்டுப் படகோட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் மேலே இருந்தாக வேண்டும். அப்படியானால் ஆறு பிள்ளைகளுக்கு நீரடியில் ஒரே ஒருவர்தான் துணை. இது போதாது, பயிற்றுநர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பிரிவாக இறங்குங்கள்.

கடற்காற்றில் கரை திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வரும். சுக்கான் சற்றுப் பிசகினாலும் பாயின் அடியிலுள்ள கட்டை மறுபக்கம் விசையோடு பாய்ந்து, நிற்பவர் தலையில் அடிக்கும் என்பதால், களைத்த பிள்ளைகளை அப்போது உட்கார வைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, பயிற்றுநர் ஒருவரிடம் பேசுகிறேன். தீவோரம் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்தலாமா? மறுநாள் சிலருக்கு விமானப் பயணமும் இருக்கிறது.

மறுமொழி 1:
மேற்பரப்பில் மிதந்து பார்க்கலாம். ஆனால் ஸ்கூபாவுக்குப் பின் அதே நாளில் மூச்சை அடக்கி ஆழம் போக விடாதீர்கள். ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் இன்னும் தேங்கியிருக்கும்; அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழாகித் தீங்கு செய்யலாம். விமானத்துக்கும் அதே காரணந்தான்: ஒரு முறை மட்டும் முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் காத்திருப்பதே பொதுவான அறிவுரை.