அசெட்டிக் அமிலத்தை அயனிகளாகப் பிரித்து எழுத வேண்டுமா?

நிகர அயனிச் சமன்பாடுகளில் (இருபுறமும் மாறாமல் நிற்கும் அயனிகளை நீக்கி, வினையில் மாறுபவற்றை மட்டும் காட்டும் சமன்பாடுகள்) ஒரே ஒரு கணக்கு மூன்று நாள்களாக என்னை நகரவிடவில்லை: திண்மக் கால்சியம் கார்பனேட்டுடன் அசெட்டிக் அமிலக் கரைசல் வினைபுரிந்து கால்சியம் அசெட்டேட், நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைத் தருகிறது.

கார்பனேட் கரையாத திண்மம் என்பதால் அதைப் பிரிக்கவில்லை. அமிலம் நீரில் நன்றாகக் கரைவதால் அதைப் பிரித்தேன்; உடனே இருபுறமும் இருந்த 2 அசெட்டேட் அயனிகள் நீங்கி, இடப்புறம் கார்பனேட்டும் 2 ஹைட்ரஜன் அயனிகளும் மட்டுமே எஞ்சின. விடைப்பக்கத்திலோ அமிலம் மூலக்கூறாகவே நிற்க, அசெட்டேட் வலப்புறத்தில் மட்டும் வருகிறது. இரண்டு வடிவங்களிலும் அணுக்களும் மின்சுமையும் சமன்படுவதால், சரிபார்த்தும் பிழை பிடிபடவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே முறையில் எழுதிய விடை சரியாகவே இருந்தது. 0.1 மோலார் அசெட்டிக் அமிலக் கரைசலில் ஏறத்தாழ 1.3 சதவீத மூலக்கூறுகளே அயனியாகின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

அப்படியானால், நீரில் முழுமையாகக் கரைந்தாலும், வலிமை குறைந்த அமிலங்களை எப்போதும் பிரிக்காமல் மூலக்கூறாகவே எழுத வேண்டுமா?