மறு: படகு ஏசி பம்புக்கு ‘பிரைமிங்’ – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படகு கேபின் ஏசியின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும் தம்பி ‘பிரைமிங்’கில் வந்து நிற்கிறார். பம்பு ஓடும் முன் அதற்குள் காற்றில்லாமல் தண்ணீர் நிரம்பச் செய்யும் வேலைதான் அது. இதுவரை வந்தவை மூன்று சொற்கள்: நீரேற்றம், நீர்ப்பிடிப்பு, முன்னீர்.

நீரேற்றம் வேண்டாம். பம்பு செய்கிற வேலைக்கே அதுதானே பெயர்? நீர்ப்பிடிப்பு என்றதும் எனக்குப் புழல் ஏரிதான் கண்ணில் வருகிறது. மழைக்காலத்தில் நாளிதழ் தவறாமல் எழுதும் சொல் அது, அதை விட்டுவிடுவோம்.

முன்னீர் எனக்கும் பிடித்தது. எங்கள் தெரு அடிபம்பு ரெண்டு நாள் சும்மா கிடந்தால் தண்ணீர் எடுக்காது. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அடித்தால்தான் வரும். அந்த ஒரு சொம்புக்கு முன்னீர் என்பது அருமையான பெயர். காதுக்கு, கடலைக் குறிக்கும் பழஞ்சொல்லான முந்நீர் போலவும் கேட்கிறது, கடல்நீர்ப் பம்புக்குப் பொருத்தம்தான் என்று இழையில் ஒரு ஐயா எழுதியிருந்ததை ரசித்தேன். ஆனால் படகு ஏசி பம்பில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. நான் தயங்குவது அங்கேதான்.

நான் சென்னைக் காசிமேட்டுக்காரன். வீட்டு ஏசி பார்ப்பதுதான் பிழைப்பு, நடுநடுவே படகு ஏசியும் வரும். போன வருஷம் ஒரு சின்ன சர்வே படகுக்குக் கூப்பிட்டார்கள். கரையேற்றிப் பெயின்ட் அடித்து மறுபடி தண்ணீரில் இறக்கியதிலிருந்து ஏசி நாலைந்து நிமிடம் ஓடும், அப்புறம் பிரஷர் கூடிவிட்டது என்று தானாகவே நின்றுவிடும். எனக்கு முன்னால் வந்தவர் கேஸ் அதிகம் என்று கொஞ்சம் கேஸையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த ஏசியில் சூட்டை வெளியே தள்ளுவது ஃபேன் அல்ல, கடல் தண்ணீர். படகின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு வால்வு, பிறகு வடிகட்டி, பிறகு பம்பு, அங்கிருந்து சூட்டைத் தண்ணீரிடம் விடும் கண்டென்சர், கடைசியில் பக்கவாட்டில் வெளியேறும் குழாய். அந்தக் குழாயைக் கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைப்பதே தண்ணீர் கொட்டுவது கண்ணுக்குத் தெரியத்தான். நான் போய் முதலில் பார்த்ததும் அதைத்தான். ஒரு சொட்டு இல்லை. பம்பு மட்டும் உள்ளே கீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது.

வால்வு திறந்திருந்தது. வடிகட்டியில் ஒரு பிளாஸ்டிக் துண்டும் நாலு சிப்பியும் தவிர ஒன்றுமில்லை. பெயின்ட் வேலையின்போது ஓஸைக் கழற்றியவர்கள், திரும்ப மாட்டும்போது ஒரு குறுக்குக் கட்டைக்கு மேலே வளைத்து விட்டிருந்தார்கள். அந்த மேட்டில் காற்று குந்திக்கொண்டது. உள்ளே விசிறி சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இந்த வகைப் பம்புக்குக் காற்றைத் தள்ளும் சக்தி கிடையாது. தண்ணீரைவிடக் காற்று சுமார் 800 மடங்கு லேசு, விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதில் பிடிமானம் இல்லை.

பம்பை நிறுத்திவிட்டு, அது வெளியே தள்ளும் பக்கத்து ஓஸ் கிளிப்பைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு, அப்புறம் எச்சில் துப்புகிற மாதிரி விட்டுவிட்டு நுரை. அதற்குப் பின் சேற்று வாசனையோடு தண்ணீர் தானாகவே வழிய ஆரம்பித்தது. பம்பு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, காற்று விலகினால் கடலே வந்து நிரப்பிவிடும். கிளிப்பை இறுக்கி சுவிட்சைப் போட்டதும் பக்கவாட்டில் கொட்டியது. வாளியும் கடிகாரமும் வைத்து அளந்தேன், ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்குப் பதினோரு லிட்டராவது வேண்டும். ஓஸையும் கட்டையிலிருந்து எடுத்து, வழியெல்லாம் ஏறுமுகமாகவே போகும்படி மாற்றினேன். இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இறக்கிய கேஸைத் திரும்ப ஏற்றியது தனிச் செலவு, அது வேறு கதை.

மேலே ஏறி வந்தபோது பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகின் இன்ஜின் மெக்கானிக் கேட்டார்: “இன்னாபா, ஏர் எடுத்தியா?”

இழைக்கு நான் கொண்டுவருவது இந்தச் சொல்லைத்தான். டீசல் லைனில் காற்று புகுந்தால் காசிமேடு முழுக்க ‘ஏர் எடுக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் இன்ஜின் வேலைதான். அப்போது வந்து கேட்டால் நாளைக்கு நூறு தடவை காதில் விழும். எழுத்தில் ‘ஏர் எடுத்தல்’ என்று போட்டால் தஞ்சாவூர்க்காரர் கலப்பையைத் தேடுவார். ஆகவே காற்றெடுப்பு. வினையாகச் சொன்னால் காற்றெடுத்தல்.

‘எடுப்பு’ என்றால் பம்பு காற்றை உள்ளே இழுப்பதாகப் பொருள் வராதா என்று குழுவில் இருக்கும் அம்மா கேட்கலாம். முள் எடுக்கிறோம், களை எடுக்கிறோம், பேன் எடுக்கிறோம். பேன் எடுத்தாள் என்றால் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள் என்று யாராவது நினைக்கிறோமா?

அடிபம்புக்கு ஊற்றுவதையும் படகில் காற்றை விடுவதையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. நாமும் கட்டித்தான் ஆக வேண்டுமா? தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் முன்னீர் இருக்கட்டும், காற்றை விடுகிற இடத்தில் காற்றெடுப்பு வரட்டும். இன்ஜினில் ரப்பர் இறக்கை வைத்த கடல்நீர்ப் பம்பு ஒன்று இருக்குமே, காற்றையும் அதுவே தள்ளிவிடும், அதைத் ‘தானே காற்றெடுக்கும் பம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். விளக்கமே தேவைப்படாது.

தம்பி, உங்கள் கையேட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு வரி:

“படகைக் கரையேற்றி இறக்கியபின், வடிகட்டியைத் திறந்து கழுவியபின், காற்றெடுத்துவிட்டே ஏசியை இயக்கவும். பக்கவாட்டில் தண்ணீர் கொட்டாவிட்டால் உடனே நிறுத்தி, மறுபடி காற்றெடுக்கவும்.”

இன்னொன்று. காற்று குந்திக்கொண்டு தண்ணீரை மறிக்கும் ‘ஏர் லாக்’குக்குக் காற்றுப்பூட்டு என்று போட்டிருக்கிறீர்கள். பூட்டு வேண்டாம், எங்கள் ஆட்கள் சாவி எங்கே என்று கேட்பார்கள். காற்றடைப்பு போதும்.