கால்சியம் மாத்திரையும் கூட்டு மருந்தும்: பி.எச்.சி. டாக்டரை நம்பலாமா?

தேவர்சோலை செவிலி
எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்களை பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர்கள் பார்க்கவே கூடாது, காய்ச்சல் என்றாலும் ஊட்டிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்கு அவர் காட்டிய ஒரே ஆதாரம், ஏதோ ஒரு பி.எச்.சி.யில் டி.எல்.டி. என்கிற கூட்டு மருந்து மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணுக்குக் கால்சியம் மாத்திரை எழுதிவிட்டார்களாம்.

ஊட்டியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர். சேரம்பாடி, பந்தலூர் என்றால் இன்னும் தூரம். கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஆடி மழையில் நடுவட்டம் சாலையில் மரம் விழுந்தால் பஸ்ஸும் இல்லை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது நாடு முழுக்க எட்டு அரசு மருத்துவமனைகளில்தான் கிடைத்தது, நம் மாநிலத்துக்குத் தாம்பரம். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. வைரஸ் அளவு அடங்கி, நன்றாக இருக்கிற ஒருவருடைய சர்க்கரையையும் பி.பி.யையும் பக்கத்து டாக்டர் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
"ஏதோ ஒரு" இல்லை அம்மா. சீட்டை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். டோலுடெக்ராவிரைக் கால்சியத்தோடு விழுங்கினால் இரண்டும் வயிற்றில் பிணைந்துகொண்டு மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் 6 மணி நேரம் கழித்து. சீட்டில் இரண்டுக்கும் "காலை" என்று போட்டிருந்தது. இந்த அடிப்படை தெரியாதவர் கையிலா எச்.ஐ.வி. நோயாளியைக் கொடுப்பது? பஸ் டைம்டேபிள் எல்லாம் அப்புறம் பேசலாம். கால்சியத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

தேவர்சோலை செவிலி
சொல்கிறேன். நீங்கள் பாதி விதியைத்தான் சொன்னீர்கள். சாப்பாட்டோடு போடுவதாக இருந்தால் கால்சியமும் இரும்புச்சத்தும் டோலுடெக்ராவிரோடு ஒன்றாகவே போகலாம். வெறும் வயிற்றில் போட்டால்தான் 2 மணி, 6 மணிக் கணக்கு. அலுமினியம், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்துக்குத்தான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இடைவெளி வேண்டும். இவ்வளவு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
சாப்பாட்டோடு என்று சீட்டில் எங்கே இருக்கிறது? லைன் வீட்டுப் பெண்கள் காலையில் என்ன விருந்தா சாப்பிடுகிறார்கள்? ஒரு டம்ளர் கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு மலை ஏறுகிறார்கள். நீங்களே தோட்டத்துக்காரர்களோடு பழகியவர் என்று எல்லா இழையிலும் சொல்கிறீர்கள், இது தெரியாதா? கால்சியம் தப்புதான்.

குன்னூர் வாசகன்
இருவரும் மாத்திரையிலேயே நிற்கிறீர்கள். அனுபவம்தான் இங்கே கேள்வி. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் சியாட்டில் ஆய்வு ஒன்று வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளை அதிகம் பார்த்துப் பழகிய டாக்டரிடம் போனவர்கள், பழக்கம் குறைந்த டாக்டரிடம் போனவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேரை மட்டும் பார்க்கிற பி.எச்.சி. டாக்டருக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
அப்படிச் சொல்லுங்கள் சார். பழக்கம் இல்லாததால்தான் கால்சியம்.

தேவர்சோலை செவிலி
குன்னூர் வாசகன் அந்த ஆய்வை முழுசாகப் படித்தாரா என்று கேட்கிறேன். அதில் வந்த டாக்டர்கள் யார்? எல்லோரும் ஸ்பெஷலிஸ்ட் இல்லாத, பொதுவாக எல்லா நோயும் பார்க்கிற முதல்நிலை மருத்துவர்கள். பி.எச்.சி. டாக்டருக்கு எதிராக நீங்கள் நீட்டுகிற ஆய்வே, நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க அதே மாதிரி டாக்டருக்குக் கை தேறுகிறது என்றுதான் காட்டுகிறது. பார்க்கவே விடமாட்டோம் என்றால் பழக்கம் வானத்திலிருந்தா வரும்? அதிலும் அந்த ஆய்வு, இன்றைய கூட்டு மருந்துகள் கைக்கு வருவதற்கு முந்திய நோயாளிகளைப் பற்றியது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2010-லிருந்து அங்கே நர்ஸ்களே கூட்டு மருந்தைத் தொடங்கிக் கொடுக்கிறார்கள். டாக்டர்கூட இல்லை, நர்ஸ். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் அதைச் சோதித்துப் பார்த்து 2012-ல் லான்செட்டில் எழுதினார்கள். நர்ஸிடம் மருந்து வாங்கினவர்களுக்கும் டாக்டரிடம் வாங்கினவர்களுக்கும் வைரஸ் ஒரே மாதிரி அடங்கியிருந்தது. எம்.பி.பி.எஸ். படித்து நம் மலைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைவிட மட்டமா?

எல்லாவற்றையும் பி.எச்.சி.யில் பாருங்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சி.டி.4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவர், மருந்து வேலை செய்யாமல் வைரஸ் ஏறுகிறவர், மூளைக்காய்ச்சலோடு வருகிறவர் எல்லாம் ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த்தான் ஆகவேண்டும். நான் பேசுவது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், பேரன் பேத்தி பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. இவர்களுக்கு வயசாகிறது. எச்.ஐ.வி. அடங்கிக் கிடக்கிறது, சர்க்கரையும் பி.பி.யும்தான் படுத்துகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்கு பி.பி. மாத்திரை வாசலுக்கே வருகிறது. இவரை மட்டும் "நீ ஊட்டிக்குப் போ" என்பது என்ன நியாயம்?

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
சர்க்கரை என்று நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். டோலுடெக்ராவிர் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மருந்தான மெட்பார்மின் அளவு ஏறும். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காசநோய் வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். கால்சியத்திலேயே கோட்டை விட்டவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

தேவர்சோலை செவிலி
நீங்கள் சொன்ன அத்தனையையும் ஒரு அட்டையில் அச்சடித்து டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடலாம். இதற்கு ஸ்பெஷலிஸ்ட் பட்டம் தேவையில்லை.

கோத்தகிரி ஜோசியர் மகன்
இரண்டு பேருமே நோயாளியைக் கேட்கவில்லை. எங்கள் உறவில் ஒருவர் வேண்டுமென்றேதான் ஊரைத் தாண்டிப் போய் மருந்து வாங்குகிறார். உள்ளூர் பி.எச்.சி.யில் சீட்டு எழுதுகிற பெண் நம் தெரு, ஊசி போடுகிறவர் மாமியார் வீட்டுப் பக்கம். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவருக்குத் தூரம்தான் பாதுகாப்பு.

தேவர்சோலை செவிலி
தம்பி, அந்தப் பயம் எனக்குத் தெரியும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்தவள் நான். ஆனால் 2017 எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் ஒருவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சை தர மறுக்கவும் கூடாது. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. வாயை மூடத் தெரியாத ஊழியரைத் திருத்தாமல் நோயாளியை மலை இறக்கி ஏற்றுவதா? தூரமாகப் போக விரும்புகிறவர் போகட்டும், யாரும் தடுக்கவில்லை. கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவருக்குக் கதவைச் சாத்தாதீர்கள்.

கோத்தகிரி ஜோசியர் மகன்
சட்டம் புத்தகத்தில் இருக்கிறது அக்கா. எங்கள் தெருவில் இல்லை.

குன்னூர் வாசகன்
அது இருக்கட்டும், நடுவட்டம் சாலையில் பஸ்ஸே இல்லை என்று செவிலி எழுதியது மிகை. சாலை மூடுவது வருஷத்தில் சில நாள்தான்.

தேவர்சோலை செவிலி
மரம் விழுந்தால் என்று எழுதினேன். குன்னூரில் ரயிலும் பஸ்ஸும் பக்கத்தில் இருக்கும்போது அது கண்ணில் படாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது மருந்து தீர்ந்துபோனவர்கள் எப்படிப் போயிருப்பார்கள் என்று யோசியுங்கள். போன மாதம் கூடலூர் மருத்துவமனையைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் நடுவில் புகுந்து மிகை மிகை என்றீர்கள்.

குன்னூர் வாசகன்
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
திசை திருப்ப வேண்டாம். ஒரு டாக்டர் அட்டையைப் படித்துக் கற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். பி.ஜி. சீட் கிடைத்ததும் போய்விடுவார். அடுத்து வருகிறவர் திரும்பவும் "காலை" என்று கால்சியம் எழுதுவார். பத்து வருஷமாக ஒரே நோயாளியைப் பார்த்துக் கூட்டு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தோடு இது எப்படிச் சமம்?

தேவர்சோலை செவிலி
டாக்டர் மாறுவார், உண்மைதான். ஏ.ஆர்.டி. மையத்திலும் மாறுகிறார்கள். மாறாமல் கிராமத்திலேயே கிடப்பது நர்ஸும் மருந்தாளுநரும். அப்படியென்றால் அவர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுங்கள் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து மனு போடுகிறேன். ஒரு சீட்டில் இருந்த தப்பைப் பிடித்துக்கொண்டு பி.எச்.சி.யே வேண்டாம் என்றால், காய்ச்சலோடு பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

ஃபிங்கர்போஸ்ட் பார்மசிஸ்ட்
தப்பு என்று இப்போதாவது உங்கள் வாயிலிருந்து வந்ததே.

தேவர்சோலை செவிலி
சாப்பாட்டோடு என்று எழுதாததைத்தான் தப்பு என்கிறேன், கால்சியத்தை இல்லை. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.