மத்தியானச் சாப்பாடு டின்னரா, லஞ்சா?

லீட்ஸ்காரி:
மகள் இங்கே வட இங்கிலாந்தில், லீட்ஸில் ஆரம்பப் பள்ளிக்குப் போகிறாள். மதியம் சாப்பிடுவது அவளுக்கு டின்னர், சாயங்காலம் சாப்பிடுவது டீ. லண்டனில் இருக்கும் அண்ணன் வீட்டில், "அது வட்டார வழக்கு, லஞ்ச், டின்னர் என்று இப்போதே திருத்து" என்கிறார்கள். திருத்தத் தேவையில்லை என்பது என் கட்சி. பள்ளியிலேயே 'ஸ்கூல் டின்னர்' என்றுதானே பெயர்? பரிமாறும் பெண்களை லண்டனிலும் 'டின்னர் லேடி' என்று சொல்வதுண்டே.

தேம்ஸ்கரை:
திருத்துவதுதான் நல்லது, சகோதரி. நாளைக்கு அவள் வேலைக்காகத் தெற்கே வரலாம், வெளிநாடு போகலாம். இங்கே டின்னருக்குக் கூப்பிட்டால் இரவு ஏழு, எட்டு மணிக்குத்தான் வருவார்கள். டீக்குக் கூப்பிட்டால் தேநீரும் கேக்கும்தான் எதிர்பார்ப்பார்கள். ஸ்கூல் டின்னர் என்பது பழைய பெயர், அப்படியே தங்கிவிட்டது. அதே பள்ளியில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு 'பேக்டு லஞ்ச்' ஆகிவிட்டதே!

பழஞ்சுவடி:
டின்னர் என்றால் அன்றைய பெரிய சாப்பாடு. அது மணியைக் குறிக்கும் சொல்லே இல்லை. 1660களில் சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள், டின்னர் நடுப்பகலில்தான் வரும். அவர் அசல் லண்டன்காரர். அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் வசதியான வீடுகளில் அது மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி என்று தள்ளிக்கொண்டே போனது. 19ஆம் நூற்றாண்டில் இரவு ஏழு, எட்டைத் தொட்டது. தாமதமாக எழுந்து, இரவில் விளக்கேற்றி விருந்து வைக்கக் காசு இருந்தவர்கள் அவர்கள். இடையில் பசிக்குமே, அதற்கு லஞ்ச் வந்தது. அதுவும் போதாமல் 1840 வாக்கில் ஆஃப்டர்நூன் டீ வந்தது. பெட்ஃபர்ட் சீமாட்டி அன்னாதான் அதைத் தொடங்கினார் என்பார்கள்.

வடக்கே ஆலைகளில் உழைத்தவர்களுக்கு மதியம் வயிறு நிறைய வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் ரொட்டி, இறைச்சி, கூடவே தேநீர். அந்தச் சாப்பாட்டுக்கே டீ என்று பெயர். சொல்லை அதன் பழைய நேரத்திலேயே வைத்திருப்பவர்கள் வடக்கத்தியர்கள். அதைக் கொச்சை என்பது அநியாயம்.

தேம்ஸ்கரை:
கொச்சை என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்பவர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதுதான் என் கேள்வி. 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர், மதியச் சாப்பாட்டை டின்னர் என்பவர் மேல்குடி இல்லை என்று எழுதினார். அந்தப் பார்வை இந்த நாட்டில் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. நிறமும் பெயரும் ஏற்கெனவே வேறாக இருக்கும் நம் பிள்ளைக்கு இன்னொரு அடையாளம் எதற்கு?

லீட்ஸ்காரி:
இதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது, அண்ணா. பார்வை தப்பு என்றால் பார்க்கிறவர் மாறட்டும், என் பிள்ளை ஏன் மாற வேண்டும்? அவளோடு படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் டின்னர் என்கிறார்கள். இவள் மட்டும் லஞ்ச் என்றால் அங்கேதான் தனித்துத் தெரிவாள். லண்டனிலும்தான் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்துமஸ் டின்னரை மதியம் சாப்பிடுகிறார்கள். அங்கே யாருக்கும் குழப்பம் வரவில்லையே?

மொன்ட்ரியல்வாசி:
கனடாவில் பிரெஞ்சு பேசும் எங்கள் கியூபெக்கிலும் இதே கதைதான். பாரிஸில் மதியம் டெஜூனே, இரவு டினே. எங்களுக்குக் காலையில் டெஜூனே, மதியம் டினே, இரவு சூப்பே. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இப்படித்தான். பாரிஸ்காரர் வந்தால் எத்தனை மணிக்கு என்று ஒரு முறை கேட்டுக்கொள்வார். அதற்காக இங்கே எந்தப் பள்ளியும் பிள்ளைகளைத் திருத்துவதில்லை.

தேம்ஸ்கரை:
கியூபெக்கில் அது மாகாணம் முழுக்கப் பொது வழக்கு. இங்கே ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் சொல் மாறிவிடுகிறது. லண்டனில் லஞ்ச், டின்னர்தான் என்பதையாவது சொல்லிக்கொடுங்கள்.

லீட்ஸ்காரி:
சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அவள் டின்னர், டீ என்றே சொல்லட்டும். அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் லீட்ஸில் டீ என்றால் என்ன என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். விடுமுறைக்கு இங்கேதான் வருகிறார்கள்.