ஆட்டத்தின் விதி தெரியாமல் தோற்ற சண்டை உங்களுக்கு எது?

பகடை உருட்டி மேஜையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நான் ஆடியதே இல்லை. எனக்கு அது 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கணினி ஆட்டம் வழியாகத்தான் தெரியும். மந்திரவாதியாக ஆரம்பித்தேன். உயிர் மொத்தம் 6. நாளைக்கு ஒரே ஒரு மந்திரம், அதையும் தூங்கப் போகும் முன்பே இதுதான் என்று முடிவு செய்துவிட வேண்டும். ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போகச் சொல்கிறார்கள், போகிறோம், வாசல் படிக்கட்டில் ஒருத்தன் நைசாகப் பேச்சுக் கொடுக்கிறான், பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனைச் சுற்றி அவனைப் போலவே நாலைந்து பிம்பங்கள், அப்புறம் ஒரு பயமுறுத்தும் மந்திரம், என் கூட்டாளிகள் திசைக்கு ஒருவராக ஓட நான் மட்டும் அவன் முன்னால். செத்தேன். நாயகன் செத்தால் ஆட்டமே முடிந்தது, மற்றவர்கள் பிழைத்திருந்தாலும் சரி.

ஏழெட்டு முறை லோட் செய்த பிறகுதான் கண்ணில் பட்டது: ஓதிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் மந்திரம் கலைந்துவிடுகிறது. அது மேஜை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு விதி. கூட்டாளி இமோயெனை வில்லோடு தள்ளி நிறுத்தி, அவன் முதல் மந்திரத்தை முடிப்பதற்குள் ஒரு அம்பு. பிம்பமும் இல்லை, பயமும் இல்லை.

தேக்கோ கணக்கு, அதாவது கவச எண் 0 உள்ள எதிரி மேல் அடி படப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பது, புரிய இன்னும் நாளானது. கவச எண் குறையக் குறைய நல்லது என்பதே தலைகீழ். என் தேக்கோ 20, எதிரியின் கவச எண் 5 என்றால் பகடையில் 15 விழ வேண்டும். அந்த எண் -2 ஆகிவிட்டால் 22 தேவை, 20 முகப் பகடையில் எங்கே போவது? சரியாக 20 விழுந்தால்தான் உண்டு. வாள் ஏன் படவே மாட்டேன் என்கிறது என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன்!

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

—

எனக்கு 2018-ல் வந்த பாத்ஃபைண்டர் கிங்மேக்கர். ஆரம்பத்திலேயே பழம் பறிக்க ஒரு குகைக்குப் போகச் சொல்வார்கள், சின்ன வேலைதானே என்று போனால் உள்ளே சிலந்திக் கூட்டம். பெரிய வாள் வைத்திருக்கும் கூட்டாளி அமிரி வெட்டு வெட்டென்று வெட்டுகிறாள், ஒரு புள்ளி குறையவில்லை. பொடிப் பூச்சிகளின் திரளுக்கு ஆயுத அடி ஏறாது, அதுதான் விதி. தீக்குப்பி எறிய வேண்டும், இல்லையென்றால் தீப்பந்தத்தால் சாத்த வேண்டும். என் பையில் தீப்பந்தம் இருந்தது, இதை எதற்குக் கொடுத்தார்கள் என்று விற்கப் பார்த்தவன் நான். மேஜையில் என்றால் ஆட்டத்தை நடத்துபவர் ஜாடையாகவாவது சொல்லியிருப்பார், கணினிக்கு அந்த இரக்கம் கிடையாது.

—

பிளேன்ஸ்கேப் டார்மென்ட், 1999. மேலே சொன்ன அதே இரண்டாம் பதிப்பு விதிகள்தான், ஆனால் நாயகன் செத்தாலும் எழுந்து வந்துவிடுவான். நான் பலத்தில் புள்ளிகளைக் கொட்டிவிட்டுப் பாதி ஆட்டம் வரை வெட்டிக்கொண்டே போனேன். இரண்டாம் முறை விவேகத்திலும் அறிவிலும் போட்டேன். முன்பு சண்டையாகவே தெரிந்த இடங்களில் உரையாடல் வரிகள் முளைத்தன. வேறு ஆட்டம் ஆடுவது மாதிரி இருந்தது.

—

2023-ன் பால்டர்ஸ் கேட் 3-ஐ விட்டுவிட்டீர்களே. பகடை திரையின் நடுவில் உருள்வதைப் பார்க்கவே அதில் ஒரு சுகம். 5 எடுத்தால் போதும், விழுவதோடு கூட்டிக்கொள்ள எனக்கு 7 இருக்கிறது, தோற்கவே முடியாது என்று அலட்சியமாகச் சொடுக்கினேன், விழுந்தது 1. தோல்வி! ஐந்தாம் பதிப்பை மேஜையில் ஆடுகிறவன் என்பதால் எனக்கு அநியாயமாகப் பட்டது, அங்கே 1 விழுந்தால் தானாகத் தோற்பது தாக்கும்போதுதான், பேசி மசிய வைப்பது, பூட்டைத் திறப்பது போன்ற திறன் சோதனைக்கு அது பொருந்தாது. இங்கே மாற்றியிருக்கிறார்கள்.

தள்ளிவிடுவதையும் அப்படியே மாற்றியிருக்கிறார்கள். மேஜையில் அதற்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும், இங்கே தாக்குதலை இழக்காமல் துணைச் செயலாகவே தள்ளலாம். பள்ளத்தின் ஓரத்தில் நின்ற ஒரு தலைவனை ஒரே தள்ளு, சண்டை ஓவர். துள்ளிக் குதித்தேன். அவன் போட்டிருந்த நல்ல கவசமும் அவனோடு பள்ளத்துக்குள் போய்விட்டது என்று அப்புறம்தான் உறைத்தது.

—

லோட் செய்தீர்களா?

—

செய்தேன். இரண்டாவது தடவை அவன் என்னைத் தள்ளிவிட்டான்.