மறு: சிகரெட் கார்டு – 'புகையட்டை' சரிதானா?

ஐயா, வணக்கம்.

> சிகரெட் அட்டை என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. காலிப் பெட்டியைத் தெருவில் பொறுக்கி, கிழித்து, பந்தயம் வைத்து ஆடியவர்களுக்குச் சிகரெட் அட்டை என்றால் அதுதான். நம் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் பேசுவது பெட்டிக்குள் இருந்த பட அட்டையை. 'புகையட்டை' நான் சொன்னதுதான், திரும்பப் பெறுகிறேன். புகை குடிக்கும் அட்டைப்பூச்சி மாதிரி இருக்கிறது.

அந்தப் பட அட்டை செய்த வேலையைப் பாருங்கள். 1880களில் அமெரிக்க சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறையில் வந்தன. நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். அதில் படம் போட்டால் விளம்பரமும் ஆயிற்று. ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி பறவை, கொடி, குத்துச்சண்டை வீரர், கடற்கொள்ளையர் என்று வரிசை வரிசையாக வண்ணத்தில் அச்சிட்டுத் தள்ளியது. ஆகவே என் பரிந்துரை: செருகட்டை.

> சின்னம், குறியீடு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நாட்டிங்ஹாம் பிளேயர்ஸ் சிகரெட் கம்பெனியின் மிதவை வளையத்துக்குள் தெரியும் தாடிக்கார மாலுமி சின்னம். தேர்தல் சின்னம் போல, 'இன்னாருடையது' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே புகையிலைக் கடை வாசலில், அமெரிக்கப் பூர்வகுடியைக் காட்டுவதாக, இறகு சூடிய மரப்பொம்மை நின்றது. அது எந்தக் கடைக்கும் சொந்தமில்லை; இறகைக் கண்டால் புகையிலை நினைவுக்கு வரும். இது குறியீடு.

சிக்கல் 1888இல் வருகிறது. அதே ஆலன் அண்ட் ஜின்டர், அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்கள் 50 பேரைச் செருகட்டையில் போட்டது. அதில் சிட்டிங் புல்லும் உண்டு. அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1890 டிசம்பரில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைவாசல் பொம்மை நின்ற இடத்தில் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதரை வைத்துவிட்டார்கள். இதைக் 'குறியீடு' என்று மட்டும் பதிவு செய்தால் நாமும் அதையே செய்தவர்கள் ஆவோம். 'குறியீடாக்கம்' என்று தனிப்பதிவு வேண்டும் என்பேன்: ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

ஒரு சந்தேகம். செருகட்டையை 'செரு கட்டை' என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ?

*

> செரு கட்டை

எனக்கு முதலில் அப்படித்தான் கண்ணில் பட்டது, ஐயா! 'செருகு அட்டை' என்று பிரித்தே எழுதலாம். குறியீடாக்கத்துக்கு என் ஒப்புதல். சிட்டிங் புல்லையே எடுத்துக்காட்டாகப் போடுங்கள்.