புதுப்பிப்பு: ஏற்காட்டு மழைக்கணக்குச் செயலி, ஒருவழியாகப் போனிலும் சேமிக்கிறது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்து மழை அளவைக் குறிக்க, உபுண்டு டச் (ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் இயங்குதளம்) போனுக்கு ஒரு சின்னச் செயலி எழுதினேன், சேலம் வீட்டுக் கணினியில் ஓடுகிறது, போனில் மட்டும் பதிந்தது எதுவும் நிற்கவில்லை என்று. சரி, குற்றவாளி நான்தான்.

கோப்பை ஆவணங்கள் கோப்புறையில் எழுதச் சொல்லியிருந்தேன். உபுண்டு டச்சில் ஒவ்வொரு செயலியையும் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஒரு வேலிக்குள் வைத்திருக்கிறது. தன் பெயரிலுள்ள கோப்புறைகளைத் தாண்டிச் செயலி எழுத முடியாது. கணினியில், செயலியைக் கட்டும் கருவியான கிளிக்கபிளின் 'கிளிக்கபிள் டெஸ்க்டாப்' கட்டளையில் ஓட்டும்போது இந்த வேலி கிடையாது. அதனால்தான் அங்கே எல்லாம் ஜோர். போனின் பதிவேட்டைத் திறந்திருந்தால் 'டினைட்' (அனுமதி மறுப்பு) வரி முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை, செயலியின் திரையை எழுதிய க்யூஎம்எல் மொழியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது செயலியின் சொந்தக் கோப்புறையிலேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கிறேன். வெளியே அனுப்ப, செயலிகளுக்கிடையே கோப்பைக் கைமாற்றும் கன்டென்ட் ஹப்; அதற்கான அனுமதியை ஆப்ஆர்மர் கோப்பில் சேர்த்தாயிற்று.

வேலியையே எடுத்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். எடுக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட செயலியை ஆள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உபுண்டு டச்சின் செயலிக் கடையான ஓப்பன்ஸ்டோரில் விடுவார்கள். அதோடு, நாலு மில்லிமீட்டர் மழையைக் குறிக்க அவ்வளவு அதிகாரம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய்ப் போனைக் கொடுத்தேன். சித்தப்பா இரண்டு நாள் அளவைப் பதிந்து பார்த்தார், நின்றது. "நல்லாத்தான் இருக்கு. நோட்டுலயும் எழுதி வெச்சுக்கறேன் சாமி" என்றார்.